ஸ்டாப்வாட்ச் மிஸ்ஸியும் பூட்டிய டிராயரும்

கிள்ளானில் நேரத்தைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் எங்கள் ஸ்டாப்வாட்ச் மிஸ்ஸிதான். நேரம்தான் அவரைப் பார்த்துப் பயந்தது. அவர் கழுத்தில் தொங்கிய கறுப்பு ஸ்டாப்வாட்ச் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டால், எங்கள் கிளினிக்கின் கிழட்டு லிப்ட்கூட அன்றைக்குக் கொஞ்சம் மரியாதையாக ஏறும்.

நான் கிள்ளானில் ஓர் அரசாங்க கிளினிக்கில் பதிவு கவுண்டரில் உட்காருகிறவன். படிப்பு ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பள்ளிக்கூடத்தோடு, சரி. பேச்சு அதைவிடக் குறைவு. எங்கள் கிளினிக்கில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. தாதிகள் எல்லாரும் மிஸ்ஸி. மருந்து கொடுப்பவர் பார்மசி. வாசலில் காவல் நிற்பவர் ஜாகா. நான் கவுண்டர். ஒருமுறை என் மனைவி கிளினிக்குக்குப் போன் செய்து என் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் வந்தது. அதைச் சொன்னது நான்தான் என்று அவள் இன்றுவரை சந்தேகப்படுகிறாள்.

மிஸ்ஸிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கொண்டையில் செருகிய பென்சில், கையில் ஓர் அட்டை. ஸ்டாப்வாட்ச், மகன் பள்ளி ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கியதாம். மகன் ஓட்டத்தை விட்டுவிட்டான். அம்மா விடவில்லை. ஊசி போட்ட இடத்தில் நோயாளி பஞ்சை எத்தனை விநாடி அழுத்துகிறார், மாத்திரை டப்பாவைத் திறக்கப் பாட்டிகளுக்கு எவ்வளவு நேரமாகிறது, கேண்டீனில் ஒரு தே தாரிக் டீ வர எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் எடுத்துக் குறித்துக்கொள்வார். கேட்டால், “ரிசர்ச்” என்பார்.

ஒரு மாதம், டாக்டர் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் பேசுகிறார், கம்ப்யூட்டரைப் பார்த்து எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கணக்கெடுத்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். பெயர் எதுவும் போடவில்லை. பெயர் போடாததால் பிரச்சினை இல்லை என்பது அவர் வாதம். அந்த மாதம் பணியில் இருந்ததோ ஒரே ஒரு டாக்டர்.

“மிஸ்ஸி, ரிசர்ச்சு எல்லாம் யுனிவர்சிட்டில பண்றது லா” என்று பார்மசி ஒருநாள் சீண்டினார்.

“அவங்க ஊசி போடறாங்களா?”

“இல்ல.”

“கவுண்டர்ல உக்காந்து நம்பர் குடுக்கறாங்களா?”

“இல்ல.”

“அப்ப இங்க என்ன நடக்குதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? தினமும் பாக்கறதை ஒருநாள் உக்காந்து எண்ணினா அதான் ரிசர்ச்சு. போயி வேலயப் பாருங்க. மாத்திரை எண்றதுக்கு நேத்தைவிட இன்னிக்கு ஆறு செகண்ட் கூட எடுக்கறீங்க.”

அவரை விளையாட்டாக நினைக்கக் கூடாது என்று எங்களுக்குப் புரிய வைத்தது நாற்காலி விவகாரம். எங்கள் காத்திருப்புக் கூடத்தில் முதல் வரிசை எப்போதும் காலியாகவே கிடக்கும். கூட்டம் நின்றுகொண்டிருக்கும், ஆனால் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். ஏர்கான் காற்று என்றார் ஒருவர். கூச்சம் என்றேன் நான். மிஸ்ஸி தம் ஓய்வு நாளில் வந்து ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து நிமிர்ந்தால், நேர் எதிரே, இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து அழுகிய பாதத்தின் பெரிய வண்ணப் படம். அதைக் கழற்றினார். மறுநாளே முதல் வரிசை நிறைந்துவிட்டது. படத்தை வாசலில் ஜாகாவுக்கு எதிரே மாட்டினார். ஜாகா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு இரண்டு மாதம் எங்கள் கிளினிக்கில் யார் நுழைந்தாலும் ஜாகாவுக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பிரச்சினை வந்து சேர்ந்தது.

எங்கள் கிளினிக்கில் இனிப்பு நீர் நோயாளிகளுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பது செவ்வாய்க்கிழமை காலையில். அந்த அறை மிஸ்ஸியின் பொறுப்பு. வராதவர் பெயருக்கு நேரே பதிவேட்டில் சிவப்பு முத்திரை குத்துவார்கள். ‘தீடாக் ஹாடிர்’ என்று மலாயில் இருக்கும். ஆள் வரவில்லை என்று அர்த்தம். அந்த வருஷம் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. முத்திரை விழுந்த பெயர்களில் பெரும்பாலானவை நம்மவர்கள் பெயர்கள்.

ஒரு கூட்டத்தில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கிளினிக்கின் தலைவர் அவர். நியாயமான மனுஷி. ஆனால் அன்றைக்குப் பொறுமை இழந்திருந்தார். “மூன்று முத்திரை விழுந்தவர்களின் பெயரை இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நீக்கிவிடுங்கள். காத்திருக்கிற மற்றவர்களுக்கு அந்த இடம் போகட்டும். நீக்கப்பட்டவர்கள் மீண்டும் வரிசையில் நின்று முதலிலிருந்து பதியட்டும்” என்றார். பிறகு மிஸ்ஸியைப் பார்த்து, “உங்கள் ஆட்களுக்கு ஏன் இந்த அலட்சியம்?” என்று கேட்டார்.

மிஸ்ஸி எழுந்து நின்றார். “அலட்சியம் இல்ல, டாக்டர்.”

“எப்படித் தெரியும்?”

“தெரியல. மாசக் கடைசிக்குள்ள கண்டுபிடிச்சிச் சொல்றேன்.”

“சரி. அதுவரை கவுண்டர் பட்டியலைத் தயார் செய்யட்டும்” என்றார் பெரிய டாக்டர்.

கவுண்டர் என்றால் நான். இங்கே வாசகர்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மிஸ்ஸி தேடப் புறப்பட்ட விடை, அந்தக் கூட்டம் நடந்த நேரத்தில், என் மேசையின் இரண்டாவது டிராயரில், பூட்டுக்குள், ஒரு பள்ளிக்கூடப் பயிற்சி நோட்டில் இருந்தது.

நடந்தது இதுதான். அடுத்த தேதியைக் கார்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் செவ்வாய் மட்டும்தான் திறக்கும். ஒருநாள் லோரி அங்கிள் கவுண்டரில் குனிந்து என் காதோரம் வந்தார். இளம் வயதில் செம்பனைக் காய் லோரி ஓட்டியவர். இனிப்பு நீரால் ஒரு கால்விரல் ஏற்கெனவே போயிருந்தது. வீடு கிளினிக்குக்குப் பின்வேலியை ஒட்டி.

“தம்பி, செவ்வாக்கிழம வேணாம் லா. செவ்வா வெள்ளில ஒடம்புலேருந்து ரத்தம் எறக்கக் கூடாது. வீட்ல விட மாட்டாங்க.”

“மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க அங்கிள்.”

“மிஸ்ஸிகிட்டயா? கையில ஊசி வச்சிருக்காங்க தம்பி!”

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லி வராது. சட்டத்தை மாற்றச் சொல்லி மேலே போய்க் கேட்கவும் வராது. ஆகவே கம்ப்யூட்டரில் செவ்வாயை விட்டுவிட்டு, கார்டில் பென்சிலால் புதன் என்று எழுதினேன். புதனன்று அவர் வந்ததும் பொதுப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பினேன். அங்கே வேறு ஆட்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், முடிவு கோப்புக்குப் போனது. லோரி அங்கிள் இன்னொருவரிடம் சொன்னார். அவர் தம் தங்கையிடம் சொன்னார். கொஞ்ச நாளில் காலை ஏழு மணிக்கே புதன்கிழமைக் கூட்டம் ஒன்று என் கவுண்டர் முன்னால் நிற்க ஆரம்பித்தது. யார், எந்தத் தேதிக்குப் பதில் எந்தத் தேதி, என்ன காரணம், வந்தாரா என்று மறக்காமல் இருக்க நோட்டில் எழுதி வைத்தேன்.

ஆக, வராதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் எல்லாரும் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். அது எனக்கு மட்டும் தெரியும். பட்டியலைத் தயார் செய்ய வேண்டியவனும் நான்தான். சொன்னால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று பயம். சொல்லாவிட்டால் அவர்கள் இடம் போய்விடும். லோரி அங்கிளுக்கு மூன்று முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் எனக்கு இணை கிடையாது.

மிஸ்ஸி வேலையைத் தொடங்கினார். முதலில் பஸ். பஸ் தாமதமாவதால்தான் ஆட்கள் வருவதில்லை என்று ஓர் ஊகம். தம் ஓய்வு நாளில் பந்திங்கிலிருந்து கிள்ளானுக்குப் பஸ்ஸில் வந்தார், திரும்பிப் போனார், மறுபடியும் வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ‘டிக்’. மூன்றாவது நடையில் டிரைவரே, “மிஸ்ஸி, கம்பெனில சொல்லிடாதீங்க, நான் வேகமா ஓட்டறேன்” என்று கெஞ்சினாராம். முடிவு என்னவென்றால், பஸ் தாமதம்தான். ஆனால் பந்திங்கிலிருந்து வருகிறவர்களெல்லாம் சரியாக வருகிறார்கள். வராதவர்கள் கிளினிக்கைச் சுற்றி நடக்கிற தூரத்தில் இருப்பவர்கள்.

அடுத்து, பசி. ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் வர வேண்டும் இல்லையா? கிளினிக்குக்கு எதிரே ரொட்டி சானாய் கடை. வருகிற வழியில் வாசனை பிடித்து உள்ளே போய்விடுகிறார்களோ என்று, மிஸ்ஸி வெள்ளைச் சீருடையோடு கடைக்கு முன் அட்டையும் ஸ்டாப்வாட்சுமாக நின்றார். கடைக்காரர் சுகாதார இலாகா சோதனை என்று நினைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் ரொட்டி வீசுகிறவர் தலையில் தொப்பி, கையில் உறை. பத்தாவது நிமிடத்தில் தரையைக் கழுவத் தொடங்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் காலைத் தூக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அங்கே ஒரு நோயாளியும் நுழையவில்லை. வழக்கமாக வருகிறவர்களும் நுழையவில்லை.

மூன்றாவதாக, நேரடியாகவே கேட்டுவிடுவது என்று ஒரு கேள்வித்தாள் தயார் செய்தார். கேட்கிற பொறுப்பை யாரிடம் கொடுத்தார் தெரியுமா?

“கவுண்டர், நீங்க கேளுங்க. உங்களப் பாத்தா யாருக்கும் பயம் வராது. உண்மயச் சொல்லுவாங்க.”

லோரி அங்கிள் மருந்து வாங்க வந்திருந்தார். பத்தடி தள்ளி மிஸ்ஸி நின்றுகொண்டிருந்தார். நான் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே முனகினேன்.

“அங்கிள், போன தடவ செவ்வாக்கிழம நீங்க ஏன் வரல?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன தம்பி ஒடம்பு சரியில்லயா? நீங்கதானே புதன்கிழம வரச் சொன்னீங்க?”

“மெதுவா பேசுங்க அங்கிள். காரணம் ஒண்ணு சொல்லுங்க.”

“அதான் சொன்னேனே…”

“வேற காரணம்.”

“வேற காரணமா? நீங்களே நல்லதா ஒண்ணு போட்டுக்குங்க தம்பி.”

பதற்றத்தில் ‘பஸ் பிரச்சினை’ என்று எழுதிவிட்டேன். அன்று மாலை மிஸ்ஸி தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் நின்றுவிட்டார்.

“லோரி அங்கிளுக்குப் பஸ் பிரச்சினயா?”

நான் தலையாட்டினேன்.

“அவர் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவுல ஒரு வேலிதான் இருக்கு, கவுண்டர். வேலியத் தாண்ட எந்தப் பஸ்ஸு வருது?”

நான் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன். இருபது நிமிடம் வெளியே வரவில்லை. அதையும் அவர் குறித்திருப்பார்.

மாதக் கடைசி வாரம் வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமை கோலாலம்பூரில் அரசாங்க அலுவலகங்களுக்கான புத்தாக்கப் போட்டி. எங்கள் கிளினிக் சார்பில் மிஸ்ஸி முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தார். தலைப்பு, ‘ஏன் வரவில்லை?’ மறுநாள் வெள்ளிக்கிழமை, பட்டியல் கொடுக்க வேண்டிய நாள். மிஸ்ஸியின் கையில் ஒன்றும் இல்லை. அவர் முகம் வாடிப்போனதை முதல் முறையாகப் பார்த்தேன். கொண்டையில் பென்சில் இல்லை. அதுதான் என்னை ரொம்பக் கஷ்டப்படுத்தியது.

திங்கட்கிழமை அவர் கூடத்தின் மறுபக்கத்தில், தூண் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாள் முழுக்க அங்கேயே இருந்தார். யார் நுழைகிறார்கள், யார் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எண்ணப் போகிறாராம். நான் பாட்டுக்குத் தலைகுனிந்து வேலை பார்த்தேன். செவ்வாயன்று மாலை, கூடம் காலியான பிறகு, என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

“கவுண்டர். காய்ச்சல்னு வந்தவங்களுக்கு இருவது செகண்டுல முடிக்கறீங்க. குழந்தைக்கு ஊசின்னு வந்தவங்களுக்கும் இருவது செகண்டு. சக்கரைக்காரங்களுக்கு மட்டும் ஒரு நிமிசம் ஆவுது. அந்த நாப்பது செகண்டுல என்ன பண்றீங்க?”

“பேசுவேன் மிஸ்ஸி.”

“நீங்களா?” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

“அவங்க குனியறாங்க. நீங்க டிராயரத் திறக்கறீங்க. எழுதறீங்க. மூடறீங்க. பூட்டறீங்க. காய்ச்சல்காரங்களுக்கு டிராயர் திறக்கல. குழந்தைங்களுக்குத் திறக்கல.” ஸ்டாப்வாட்சை அழுத்தினார். “திறங்க.”

திறந்தேன். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பிறகு, என்னைக் கேட்காமலேயே என் வாய் பேச ஆரம்பித்தது. செவ்வாய் வெள்ளி, லோரி அங்கிள், பென்சில், புதன்கிழமை, பஸ் என்று எழுதிய பொய், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே நோட்டைப் படித்தார். அவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவர் மறந்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

“செவ்வாக்கிழம…” என்றார் கடைசியில். “எனக்குக் கிழமையே கெடயாது கவுண்டர். முப்பது வருசமா மார்னிங், ஈவினிங், நைட், ஆஃப். நாலுதான். எங்கம்மா செவ்வாக்கிழம நகம் வெட்ட விட மாட்டாங்க, அது எனக்கு மறந்தே போச்சு. எல்லாத்தயும் எண்ணினேன். பஸ்ஸு மாறும், மழ மாறும், பசி மாறும். செவ்வா மட்டும் மாறவே இல்ல. மாறாததை எப்படி எண்றது?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“இவங்க வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. வெள்ளிக்கிழம இவங்க பேரு போகப் போவுதுன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க.”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. நான் என் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

“நீங்க பெரிய டாக்டர்கிட்ட சொல்லிடுங்க மிஸ்ஸி.”

“நான் சொல்ல முடியாது. எண்ணினது நீங்க. யாரு எண்ணினாங்களோ அவங்கதான் சொல்லணும். வியாழக்கிழம நீங்கதான் மேடயேறுறீங்க.”

“மேடையா! மிஸ்ஸி, நான் அவங்க ரூம்லயே சொல்லிடறேன்.”

“ரூம்ல சொன்னா இது உங்க தப்பு. மேடயில சொன்னா இது ரிசர்ச்சு” என்றார். பிறகுதான் ஸ்டாப்வாட்ச் ஞாபகம் வந்து அதை நிறுத்தினார். பார்த்தார். “நாலு நிமிசம் பேசியிருக்கீங்க. இந்த மூணு வருசத்துல எங்கிட்ட மொத்தமா பேசினதைவிடக் கூட.”

வியாழக்கிழமை காலை கொம்முட்டர் ரயிலில் கோலாலம்பூர் போனோம். வழியெல்லாம் மிஸ்ஸி ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடும் நேரத்தை எடுத்தார். நான் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். கதவு மூடுவதற்குள் முடிவெடுக்க முடியவில்லை. பிரிக்பீல்ட்சில் ஒரு கடையில் எனக்குத் ‘தே ஓ கோசோங்’ வாங்கிக் கொடுத்தார். பாலும் இல்லாத சீனியும் இல்லாத அந்தத் தேநீரைத் தவிர வேறு எதையும் அவர் யாருக்கும் வாங்கிக் கொடுத்ததில்லை. அதையும் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

போட்டி மண்டபம் திருவிழா மாதிரி இருந்தது. எல்லாக் குழுவும் ஒரே நிறச் சட்டை, ஒரு முழக்கம், ஒரு பாட்டு. தானாகக் குடை உலர்த்தும் பெட்டி கண்டுபிடித்த குழு குடையோடு நடனமே ஆடியது. எங்களுக்குச் சட்டை இல்லை. பாட்டு இல்லை. ஒரு பயிற்சி நோட்டு இருந்தது. ஒரு குழுவுக்கு ஏழு நிமிடம். முன்வரிசையில் நடுவர்கள், இரண்டாம் வரிசையில் எங்கள் பெரிய டாக்டர், ஓரத்தில் மிஸ்ஸி.

மேடையில் ஏறினேன். மிஸ்ஸி எழுதிக் கொடுத்த முதல் வரி மறந்துவிட்டது. இரண்டாவது வரி நினைவிருந்தது, ஆனால் முதல் வரி இல்லாமல் அதற்கு அர்த்தமில்லை. “உங்கள் குழுவின் பாட்டு?” என்று ஒரு நடுவர் உற்சாகப்படுத்தினார். வேறு வழியில்லாமல் நோட்டைத் திறந்து, உள்ளதை அப்படியே மலாயில் படிக்க ஆரம்பித்தேன். பெயரைச் சொல்லக் கூடாது, எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்று மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“முதலாம் நபர். பதிவேட்டில் செவ்வாய், தீடாக் ஹாடிர். என் நோட்டில் புதன், ஹாடிர்.”

ஹாடிர் என்றால் வந்தார்.

“இரண்டாம் நபர். பதிவேட்டில், தீடாக் ஹாடிர். புதன், ஹாடிர். மூன்றாம் நபர், ஹாடிர்.”

ஐந்தாவது ஆளுக்கு மண்டபத்தில் சத்தம் அடங்கியது. பத்தாவது ஆளுக்கு நடுவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். மிஸ்ஸி போட்டுக் கொடுத்த எண் வரிசையில் லோரி அங்கிள் பத்தொன்பதாம் நபர். அவர் முறை வந்தபோது, ஒரு விரல் இல்லாத காலை இழுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு அவர் வேலியோரம் நடந்து வருவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. “பத்தொன்பதாம் நபர்” என்றேன். குரல் தானாக உயர்ந்தது. “ஹாடிர். ஹாடிர். ஒவ்வொரு தடவையும் ஹாடிர்.”

மணி அடித்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் நிறுத்தவில்லை. கடைசி ஆள் வரை படித்துவிட்டு, “இவர்கள் வராமல் இல்லை. நாம் பார்க்காத நாளில் வந்தார்கள். தேதியை மாற்றி எழுதியது நான். சொல்லாமல் இருந்ததும் நான்” என்று சொல்லி இறங்கினேன். இறங்கும்போது படி ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். முதல் கைதட்டல் அதற்குத்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

பரிசு குடை உலர்த்தும் பெட்டிக்குப் போனது. நேரத்தை மீறியதற்காக எங்களுக்குப் புள்ளி குறைத்தார்கள். ஸ்டாப்வாட்ச் மிஸ்ஸியின் குழு நேரத்தை மீறியதற்காக! பார்மசி இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தார்.

தேநீர் மேசையில் பெரிய டாக்டர் எங்கள் பக்கம் வந்தார்.

“கவுண்டர், நாளைய பட்டியல் தயாரா?”

“இல்லை, டாக்டர்.”

“நல்லது. வேண்டாம்.” மிஸ்ஸி பக்கம் திரும்பினார். “அன்றைக்கு அலட்சியம் என்று சொன்னேன். தப்புதான்.” பிறகு என்னிடம், “ஆனால் திங்கட்கிழமை என் அறைக்கு வாருங்கள். உங்களுக்கு ஒரு கடிதம் இருக்கும்.”

விளக்கம் கேட்கும் கடிதம்தான் அது. பதில் எழுத மிஸ்ஸி உதவினார். ஒரு பக்கப் பதிலோடு ஒன்பது பக்க வரைபடம் இணைத்திருந்தார். பெரிய டாக்டர் ஒன்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இனி பென்சிலால் எழுதாதீர்கள். வந்து சொல்லுங்கள்” என்று என்னை எச்சரித்து அனுப்பினார். அடுத்த மாதத்திலிருந்து இனிப்பு நீர் ரத்தப் பரிசோதனை அதிகாரபூர்வமாகப் புதன்கிழமைக்கு மாறியது. லோரி அங்கிளின் பெயருக்கு நேரே இருந்த மூன்று முத்திரைகளையும் மிஸ்ஸியே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் அவரைத் தெரியவில்லை என்று அர்த்தம். மாற்றம் வேலை செய்கிறதா என்று மூன்று மாதம் எண்ணினார். சிவப்பு நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் ஒரு ஆள் மட்டும் புதனன்று வருவதில்லை. மிஸ்ஸி என்னையே அனுப்பினார். நான் இந்தத் தடவை உண்மையான காரணத்தைக் கேட்டு வந்தேன்.

“புதன்கிழம நாலு நம்பர் லாட்டரி குலுக்கற நாளாம் மிஸ்ஸி. அன்னிக்கு ரத்தம் குடுத்தா அதோட அதிர்ஷ்டமும் போயிடுமாம்.”

மிஸ்ஸி என் முகத்தையே பார்த்தார். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். “எழுதிக்குங்க கவுண்டர். புது ரிசர்ச்சு.”

இப்போது மிஸ்ஸி எங்கள் கிளினிக்கில் இல்லை. பந்திங் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே என்னத்தை எண்ணுகிறாரோ, அந்த ஊர் என்ன பாடுபடுகிறதோ தெரியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் எனக்குப் போன் செய்வார். இப்போது அவருக்கும் கிழமை தெரிகிறது. கவுண்டரில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், புது டாக்டர் எப்படி, லோரி அங்கிளின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் ‘ம்’ கொட்டுவார். எல்லாம் முடிந்து போனை வைக்கப் போகும்போது, மறுமுனையில் அந்தச் சின்ன ‘டிக்’ சத்தம் கேட்கும்.

“பதினோரு நிமிசம், கவுண்டர்” என்பார். “போன வாரத்தைவிட ரெண்டு நிமிசம் கூட.”

நான் அடுத்த வாரம் சொல்வதற்கு இப்போதே சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.